ராக் ரெயிலில் கழற்றி மாட்டும் மிதிபடி: இரண்டு தோல்விக்குப் பிறகு நிலைத்தது

நான்கு மிதிபடிகளும் இப்போது ஹைலக்ஸ் டபுள் கேபில் (நான்கு கதவு பிக்கப்) உறுதியாக நிற்கின்றன. ஒன்றைக் கழற்ற அரை நிமிடம் கூட ஆவதில்லை, ஸ்பானரும் தேவையில்லை. கழற்றிய பிறகு ராக் ரெயிலுக்கு, அதாவது பாறையில் வண்டியின் பக்க அடி நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்களுக்கு, கீழே ஒரு மில்லிமீட்டர் இரும்பு கூடத் தொங்குவதில்லை. இந்த நிலைக்கு வர மூன்று விதமான இணைப்புகளைச் செய்து பார்க்க வேண்டியிருந்தது. முதல் இரண்டும் வீண். கோலாலம்பூரில் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் வைத்திருப்பவர்களில் பலர் கடையில் மிதிபடியின் தகட்டையும் நிறத்தையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது ரெயிலோடு அது சேரும் இடம். அது சரியாக அமைந்துவிட்டால் மேலே எந்தத் தகட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

வண்டியும் அளவுகளும்

வண்டி 50 மி.மீ. உயர்த்தப்பட்டது, டயர் 265/65 ஆர்17. சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, எரிபொருள் பாதி இருக்கும்போது அளந்தது: கதவடித் தளம் தரையிலிருந்து 610 மி.மீ., ரெயிலின் மேல்புறம் 500, அடிப்புறம் 440. ரெயிலின் முதன்மைக் குழாய் 60.3 மி.மீ. விட்டம், அதாவது ஹார்ட்வேர் கடையில் ‘இரண்டு இன்ச் பைப்’ என்று கேட்டால் கிடைப்பது. அதற்கு வெளிப்பக்கமாக 42.4 மி.மீ. குழாய் ஒன்று ஓடுகிறது. இரண்டின் மையத்துக்கும் இடையே 160 மி.மீ. ரெயில் சேஸியோடு போல்ட்டு போட்டது, வெல்டு செய்தது அல்ல. இந்த வேலை முழுவதையும் எளிதாக்கியது அந்த ஒன்றுதான்.

மலேசியாவின் சீரான கட்டட துணைச்சட்டம் 1984 படிக்கட்டின் ஒரு படி 180 மி.மீ.க்கு மேல் உயரக்கூடாது என்கிறது. இங்கே தரையிலிருந்து ரெயிலுக்கே 500. பத்துமலைக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டு வரும் அம்மாவோ, மூட்டு வலிக்கும் பாட்டியோ அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாது. பின்னாலிருந்து ஒருவர் தாங்கிப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும்.

உயரத்தைத் தாளில் கணக்குப் போட்டு முடிவு செய்யாமல், செங்கலை அடுக்கி மேலே ஓர் அங்குலப் பலகை போட்டுச் சோதித்தது நல்ல பலன் தந்தது. 250 மி.மீ. உயரத்தில் முதல் அடி சுகம், ஆனால் அங்கிருந்து ரெயிலுக்கு இன்னொரு 250 ஏற வேண்டும், நடுவில் உடல் பின்னால் சாய்கிறது. 350-இல் முதல் அடியிலேயே கைப்பிடியை இழுத்துத் தொங்க வேண்டியிருக்கிறது. 300 வைத்தால் 300, 200, 110 என்று ஏற்றம் படிப்படியாகக் குறைகிறது. ஏறுகிறவர் களைப்பதற்குள் உள்ளே வந்துவிடுகிறார். ஆகவே 300.

அதே பலகையை வெளியே தள்ளித் தள்ளி வைத்து நீட்டமும் பார்க்க வேண்டும். வெளிக்குழாயைத் தாண்டி 70 மி.மீ. மட்டும் நீட்டியபோது முழங்காலின் கீழ் எலும்பு ஒவ்வொரு முறையும் குழாயில் இடித்தது. 100 மி.மீ. நீட்டினால் இடிக்கவில்லை. குழாயின் அடிக்கும் படிக்கும் நடுவே 140 மி.மீ. இடைவெளி இருப்பதால் காலணியின் முனை உள்ளே நுழைந்துகொள்கிறது. 100-க்கு மேல் நீட்டினால் கார் நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டிக்காரரின் கெண்டைக்கால் பதம் பார்க்கப்படும்.

நீளவாக்கில் படி எங்கே வர வேண்டும் என்பதையும் ஆளை ஏற்றி இறக்கித்தான் குறிக்க வேண்டும். முன் கதவுக்கு நடுத்தூணிலிருந்து 350 மி.மீ. முன்னால், பின் கதவுக்கு நடுத்தூணிலிருந்து 200 மி.மீ. பின்னால் என்று வந்தது. பின் கதவின் கீழ்ப்பகுதியைச் சக்கர வளைவு வெட்டிவிடுகிறது. கதவின் மையத்தை அளந்து படி வைத்தால் கால் நுழையாத இடத்தில்தான் படி நிற்கும்.

ஒதுக்கியவை

பட்டைக் கயிற்றில் தொங்கும் படி: மலிவு, ஆனால் மிதித்ததும் வண்டிக்கு அடியில் ஊசலாடுகிறது. வயதானவர்களுக்கு ஆபத்து. கீலில் மடங்கும் படி: நாலு தடவை சேற்றில் இறங்கி வந்தால் கீல் அரைபடத் தொடங்கி, ஓடும்போது கடகடக்கும். மோட்டாரில் இறங்கும் படியைக் காட்டு வண்டியில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அலுமினியப் படி எடை குறைவுதான். ஆனால் வெல்டு செய்த இடத்தைச் சுற்றி அதன் பலம் வெகுவாக இறங்கிவிடுகிறது, விரிசலும் அங்கேதான் விடும். வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தவும் முடியாது. இரும்பே போதும்.

முதல் முயற்சி: யு-போல்ட்டு

வெல்டிங் இல்லாமல் முடிக்கலாம் என்ற ஆசையில் இரண்டு அங்குலக் குழாய்க்கான எம்10 யு-போல்ட்டு, படிக்கு இரண்டு வீதம், முதன்மைக் குழாயில் மாட்டியது. பெயிண்ட் கீறாமல் இருக்கப் பழைய டியூப் ரப்பரை வெட்டி இடையில் வைத்தது. 85 கிலோ ஆள் ஒருவர் ஓரத்தில் கால் வைத்ததும் படி அப்படியே கீழ்நோக்கிச் சுழன்றது. வட்டக் குழாயில் உராய்வை மட்டும் நம்பினால் வேறு எதுவும் நடக்காது. ரப்பரை எடுத்துவிட்டு இன்னும் இறுக்கினால் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடி சுழலும். அதற்குள் யு-போல்ட்டு பெயிண்டைக் கடித்துவிட்டது. பத்து நாள் மழையில் அந்த வளையம் முழுக்கத் துரு.

ரெயிலில் வெல்டு செய்யவே கூடாது என்பவர்களுக்கு இதில் ஒரு வழி உண்டு. 8 மி.மீ. தகட்டை இரண்டு குழாய்களுக்கும் அடியில் குறுக்காகப் பாலம்போல வைத்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரு யு-போல்ட்டு போட்டால் சுழல இடமில்லை. ஆனால் ஒரு படியைக் கழற்றப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், அதுவும் சேற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. கழற்ற அலுப்பாக இருக்கும் படியை யாரும் கழற்ற மாட்டார்கள். பாறை வந்துதான் கழற்றும்.

இரண்டாவது முயற்சி: கீழே தொங்கிய கூடு

50×50×4 சதுரக் குழாயில் 100 மி.மீ. துண்டு வெட்டி, வெளிக்குழாயின் அடியில் செங்குத்தாக வெல்டு செய்து, அதற்குள் 40×40×3 தண்டைச் செருகியது. கதவுப் பக்கம் பார்க்க அழகு. இணைப்பு கெட்டி, ஏறுபவர்களுக்கும் திருப்தி. தவறு என்னவென்றால், படியைக் கழற்றிய பிறகும் கூடு ரெயிலுக்குக் கீழே 55 மி.மீ. தொங்கியது. உலு லங்காட் பக்கம் ஓர் ஓடையில், உருண்டைக் கற்களுக்கு நடுவே வண்டி இடப்பக்கம் சரிந்தபோது முழு எடையும் அந்தக் கூட்டின் வாயில் இறங்கியது. 42 மி.மீ. இருந்த வாய் 34 ஆகச் சப்பையானது. தண்டு திரும்ப உள்ளே போகவில்லை.

ராக் ரெயிலின் வேலையே வண்டியைப் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போக விடுவது. அதன் அடியில் முளை வைத்தால் ரெயில் நங்கூரமாகிவிடுகிறது. கிரைண்டரால் அறுத்து, அடிப்புறத்தை வழவழப்பாக்கத் தட்டு நான்கு செலவானது.

மூன்றாவது: இரண்டு குழாய்க்கும் நடுவே

கூட்டை இரண்டு குழாய்களின் இடைவெளிக்குள் ஏற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. முதன்மைக் குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே 108 மி.மீ. வெற்றிடம். அதன் நடுவே 50×50×4 கூடு, உயரம் 57 மி.மீ., அடி விளிம்பு குழாய்களின் அடிமட்டத்தைவிட 3 மி.மீ. மேலே. கூட்டின் முன்னும் பின்னும் 6 மி.மீ. தகடு ஒவ்வொன்று, குழாயிலிருந்து குழாய்க்கு. கூடு அவற்றுக்கு நடுவே சாண்ட்விச் போல அமர்கிறது. மேலும் கீழும் திறந்திருப்பதால் சேறு தங்காது. தண்டு கீழிருந்து மேலே நுழைகிறது, முன்பின்னாகச் செல்லும் அரை அங்குல ஹிட்ச் பின் (குறுக்கே செருகும் இரும்பு முளை) அதைத் தாங்குகிறது.

சதுரக் குழாய் வாங்கும்போது கவனிக்க வேண்டியது தடிமன். 50×50×3 என்றால் உள்ளளவு 44, 40 தண்டு உள்ளே ஆடும். 50×50×5 என்றால் உள்ளளவு 40, தண்டு நுழையவே நுழையாது. 4 மி.மீ. தடிமன் ஒன்றுதான் பொருந்தும்: உள்ளளவு 42, பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி. சான் சோ லின், செகாம்புட் வட்டாரத்து இரும்புக் கடைகளில் முழு ஆறு மீட்டர் வாங்க வேண்டியதில்லை. வெட்டுத்துண்டுகளைத் தேடினால் கிடைக்கும். கையில் காலிப்பர் எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள், மேலே சுண்ணக்கட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கால்வனைஸ் செய்த குழாய் வேண்டாம்: உள்ளே துத்தநாகம் திட்டுத்திட்டாக நிற்கும், வெல்டு செய்யும்போது வரும் புகை காய்ச்சல் கொடுக்கும்.

குழாயின் உள்ளே நீளவாக்கில் ஒரு வெல்டு வரப்பு ஓடும், உயரம் ஒன்றரை மி.மீ. அதை அரத்தால் முழுவதும் ராவி எடுத்தால்தான் தண்டு போகும். 57 மி.மீ. துண்டுகளாக வெட்டிய பிறகு ராவுவது எளிது. முழுக் குழாயில் அரம் எட்டாது.

ரெயிலை வண்டியிலிருந்து இறக்கிய பிறகுதான் வெல்டிங். பக்கத்துக்கு எட்டு எம்12 போல்ட்டு, 19 ஸ்பானர். பிரேக் குழாயும் வயர்களும் பக்கத்தில் ஓடும் இடத்தில், வண்டியிலேயே வைத்து வெல்டு செய்துவிடலாம் என்று பட்டறையில் சொன்னாலும் ஒத்துக்கொள்ளக்கூடாது. வேறு வழியில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.

முதல் கூட்டை வெறுமையாக வைத்து வெல்டு செய்தது பிழை. சூடு ஆறும்போது இரும்பு இழுத்து, உள்ளளவு சுருங்கி, நடுவில் குழிந்துவிட்டது. தண்டு பாதி வழியில் நின்றது. அரை மணி நேரம் அரம் பிடித்த பிறகுதான் போனது. மற்ற மூன்றுக்கும் உள்ளே ஒரு மாதிரித் தண்டைச் செருகி, நான்கு பக்கமும் தகரத் துண்டு வைத்து அடைத்து, எதிரெதிர் மூலையாக டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு சிறு சிறு தூரமாக வெல்டு. 2.6 மி.மீ. 6013 ராடு, 80 ஆம்பியர். ஆறிய பிறகு மாதிரித் தண்டைச் சுத்தியலால் தட்டி எடுத்தால் கூடு சரியாக இருக்கும்.

ஹிட்ச் பின்னுக்கான துளையைக் கூட்டிலும் தண்டிலும் தனித்தனியாகப் போட்டால் பொருந்தாது. தண்டைச் செருகி, சி கிளாம்ப்பால் இறுக்கி, 5, 8, 13 மி.மீ. பிட் என்று ஒரே மூச்சில் தகடு, கூடு, தண்டு எல்லாவற்றையும் சேர்த்துத் துளைக்க வேண்டும். பின்னின் தடிமன் 12.7. துளைத்த பிறகு தண்டை வெளியே எடுத்து, துளையின் பிசிறை உள்ளும் புறமும் ராவுங்கள். ஒரு பிசிறு போதும், தண்டு உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

தண்டும் தகடும்

தண்டு எல் வடிவம்: செங்குத்துப் பகுதி 245 மி.மீ., வெளியே நீளும் கை 215. மூலையில் 45 பாகையில் வெட்டிச் சேர்த்து, உள்மூலையில் 60 மி.மீ. முக்கோணத் தகடு. மேலே 4.5 மி.மீ. செக்கர் தகடு (புடைப்புக் கோடுகள் உள்ள இரும்புத் தகடு), 300×120. நான்கும் ஒரே அளவு, எதை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்று நினைத்துச் செய்தாலும், துளைகள் சேர்த்தே போட்டதால் ஒவ்வொன்றும் தன் கூட்டோடுதான் சரியாகச் சேர்கிறது. சென்டர் பஞ்ச்சால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு புள்ளி குத்தி வைத்திருக்கிறோம். ஒரு படி மூன்று கிலோ.

தகட்டைத் தேர்வதில் பலர் வலைத்தகட்டை விரும்புகிறார்கள், சேறு ஒழுகிவிடும் என்று. ஒழுகத்தான் செய்யும். ஆனால் அதன் கூர் விளிம்பு சேலைக் கரையைப் பிடித்து இழுக்கும், ரப்பர் செருப்பின் அடியைக் கிழிக்கும், தவறி விழும் குழந்தையின் முட்டியைச் சிராய்க்கும். குடும்பம் ஏறும் வண்டிக்கு அது கூடாது. வெறும் செக்கர் தகடு ஈரச் செம்மண்ணில் சோப்புபோல வழுக்குகிறது. ஒட்டும் சொரசொரப்பு டேப் இரண்டு முறை பிரஷர் வாஷ் அடித்ததும் ஓரம் உரிந்தது. கடைசியில் நின்றது லோரி மட்கார்டு ரப்பர்: 60 மி.மீ. பட்டையாக வெட்டி, வாசர் வைத்து ரிவெட்டு. ரப்பருக்கு இருபுறமும் தகட்டில் 12 மி.மீ. துளைகள், சேறு இறங்க. தகட்டின் நான்கு மூலையையும் 20 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியது. இருட்டில் காலில் பட்டாலும் வெட்டாது.

ஆட்டம்

மாட்டிப் பார்த்ததும் படி கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் கால் வைத்ததும் ஓரம் ‘டொக்’ என்று இறங்கியது. 50 கிலோ சிமெண்டு மூட்டை இரண்டைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டு அளந்தபோது ஓரம் 7 மி.மீ. தாழ்ந்தது. இரும்பு வளைந்ததால் அல்ல. 57 மி.மீ. கூட்டுக்குள் இருக்கும் 2 மி.மீ. இடைவெளிதான் வெளியே போகப் போக மூன்று மடங்காகிறது.

ஆட்டத்தை எடுக்கக் கூட்டின் முன்முகத்தில் எம்10 நட்டு வைத்துப் போல்ட்டால் தண்டை அழுத்தியது இன்னொரு தவறான திருப்பம். போல்ட்டு தண்டை முன்பின்னாக அழுத்துகிறது. படியோ உள்ளும் வெளியுமாக ஆடுகிறது. இறுக்கினாலும் 7 என்பது 6 ஆனதோடு சரி. சேற்றில் மரையும் அடைத்துக்கொண்டது.

தீர்வு மிக எளியது. தண்டின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் பட்டை, 25×50, பக்கத்துக்கு நான்கு புள்ளியாக டிக் வெல்டு. இடைவெளி 2 மி.மீ.யிலிருந்து 0.4 ஆனது. அதே இரண்டு மூட்டைக்கு இப்போது 3 மி.மீ. தாழ்வு, சத்தம் இல்லை. பட்டையின் மேல்முனையை அரத்தால் சரிவாக ராவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செருகும்போது கூட்டின் வாயில் முட்டும்.

பூச்சு

படிகளுக்கு மணல் அடித்துப் பவுடர் கோட். தண்டின் மேல்முனையில் 57 மி.மீ.க்குச் சூடு தாங்கும் டேப் சுற்றிக் கொடுக்க வேண்டும். பூச்சு ஏறினால் அந்த 0.4 இடைவெளியும் போய்விடும். ரெயிலில் வெல்டு செய்த இடங்களுக்குத் துத்தநாக ஸ்ப்ரே, அதன்மேல் டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) கறுப்புப் பெயிண்ட். கூட்டின் உள்ளே துத்தநாகம் மட்டும். கிரீஸ் தடவக்கூடாது, மணலைப் பிடித்து வைத்து அரைக்கும். மாட்டிய படியை ஒன்றரை மாதம் கழற்றாமல் விட்டபோது ஒன்று துருவில் பிடித்துக்கொண்டு, தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான்கையும் கழற்றித் துடைத்து மாட்டுவது கட்டாயம். கழற்றியே வைத்திருந்தால் வேறு தொல்லை: குளவி கூட்டுக்குள் மண்கூடு கட்டிவிடும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் போய்விடும்.

செலவு

வெற்றி பெற்ற மூன்றாவது முயற்சிக்கு: கூட்டுக் குழாய் 15 ரிங்கிட், தண்டுக் குழாய் இரண்டு மீட்டர் 35, செக்கர் தகடு 45, 6 மி.மீ. தகடு 20, ஹிட்ச் பின் நான்கு 56, 13 மி.மீ. டிரில் பிட் 28, மட்கார்டு ரப்பர் 12, ஸ்ப்ரேக்கள் 38, வெல்டிங் கூலி 300, ஸ்டெயின்லெஸ் பட்டையும் டிக் வெல்டும் 40, மணல் அடித்துப் பவுடர் கோட் 180. மொத்தம் 769 ரிங்கிட். வீணானது யு-போல்ட்டும் அதன் தகடும் 95, தொங்கு கூடு 140, எம்10 வேலை 16. ஆக 1,020.

ஹிட்ச் பின்னும் சாக்கும்

ஹிட்ச் பின்னின் முனையைப் பூட்டும் ஆர் வடிவக் கிளிப்பைச் செடிகொடி பிடித்து இழுத்துவிடும். வளையம் மடங்கிப் பூட்டும் லின்ச் பின் போடுங்கள். ஒவ்வொரு பின்னையும் 2 மி.மீ. கம்பிக்கயிற்றால் ரெயிலோடு கட்டுங்கள், இருட்டில் புல்லுக்குள் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. படிகளைக் கழற்றியதும் அரிசிச் சாக்கில் போட்டு, பின் இருக்கைக்குப் பின்னால் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். பன்னிரண்டு கிலோ இரும்பு அவசரப் பிரேக்கில் சும்மா கிடக்காது. படியிலோ கூட்டிலோ ஹை-லிஃப்ட் ஜாக் வைத்துத் தூக்க வேண்டாம். ஜாக்குக்கு ரெயிலின் முதன்மைக் குழாய், அதுவும் ரெயிலைச் சேஸியோடு இணைக்கும் காலுக்குப் பக்கத்தில்.

கழற்ற மறந்து பாறையில் இறங்கினால் முதலில் வளைய வேண்டியது தண்டு. அதனால்தான் தண்டு 3 மி.மீ., கூடு 4, பக்கத் தகடு 6. ‘இன்னும் கெட்டியாக இருக்கட்டும்’ என்று தண்டையும் 5 மி.மீ. ஆக்கினால் கிழிவது ரெயிலாக இருக்கும்.

அடுத்த முறை கூட்டின் உயரம் 57-இலிருந்து 80 ஆகும். மேலே கதவடித் தகட்டுக்கு முன் இன்னும் 40 மி.மீ. இடம் சும்மா இருக்கிறது. பிடிமானம் நீண்டால் ஸ்டெயின்லெஸ் பட்டை தேய்ந்த பிறகும் ஆட்டம் குறைவாகவே இருக்கும். நான்கு தண்டுகளுக்கும் ஒரே துளையச்சு வைத்துத் துளைத்தால் எந்தப் படியும் எந்தக் கூட்டிலும் சேரும். பின் கதவுப் படியை இன்னும் 40 மி.மீ. முன்னால் நகர்த்த வேண்டும். சேலை கட்டியவர்கள் இறங்கும்போது வலது குதிகால் தகட்டின் ஓரத்தில்தான் விழுகிறது.